தூக்குவாளிக்குள் இருந்த போன்

கோடையில் முந்திரிக்காட்டுக்குப் பழம் பொறுக்கப் போகிற பெண்களுக்குப் பாம்பைவிட இடிக்குத்தான் பயம் அதிகம். முந்திரி மரம் உயரமாகப் போகாது. கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதற்குள் குனிந்து நுழைந்துவிட்டால் வானம் தெரியாது. மேற்கே கறுத்துக்கொண்டு வருவது முதல் உறுமல் கேட்ட பிறகுதான் தெரியவரும். ஒருமுறை பக்கத்துக் காட்டில் இடி விழுந்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இறந்துபோனார். அவர் கையில் போன் இருந்ததாம். குடையும் இருந்தது, தலைக்குமேல் ஒற்றைப் பனையும் இருந்தது. ஆனாலும் பழி போன்மேல்தான் விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. வானம் உறுமினால் எல்லோருடைய போனையும் வாங்கி, சோறு கொண்டுவந்த பெரிய எவர்சில்வர் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து அதற்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, எட்ட இருக்கிற மரத்தின் கிளையில் மாட்டிவிடுவோம். அப்புறம் எல்லோரும் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஒண்டிக்கொள்வோம். இதை ஆரம்பித்து வைத்தவள் எங்களில் மூத்தவள். அவளை எல்லோரும் பெரியக்கா என்போம்.

“இடி வந்தா போனத் தேடிக்கிட்டுப் போவட்டும். நம்ம வெலாசம் அதுக்கு வேணாம்” என்பாள்.

“குழம்பு வாடைக்கு வந்துடப் போவுதுக்கா.”

“வந்தா ஒரு வாய் நக்கிட்டுப் போவட்டும்டி. நீ உள்ள வா.”

நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டேன். கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருக்கும் முந்திரிப்பால் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டு சிரிப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவேன். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட வீட்டுக்கு வந்துதான் முணுமுணுப்பேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரியக்காவிடம் ஒரே ஒரு கேள்வி அன்றே கேட்டிருந்தால், இரண்டு வருஷம் நான் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தியிருக்க மாட்டேன்.

எனக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நான் பத்தாவதோடு நின்றேன். அவன் மேலே படித்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவன் படித்ததில் பாதியை நானும் காதால் படித்தவள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது தா.பழூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், விளக்கடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வான். புத்தகம் என் மடியில் இருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். ஒரு சொல் விட்டுப்போனால் நான் அவன் முழங்காலில் தட்ட வேண்டும்.

அப்படித் தட்டித் தட்டி எனக்கே சில வரிகள் பாடமாகிவிட்டன. மின்னூட்டம் பெற்ற கடத்திக்கு உள்ளே மின்புலம் சுழி. இரும்போ செம்போ, ஒரு பாத்திரத்தின் வெளியே எவ்வளவு மின்சாரத்தை ஏற்றினாலும் உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு முன்னால் ஒரு வளையத்தைப் பற்றிய பாடம் வரும். அது மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் அம்மா கழற்றி வைத்திருந்த கண்ணாடி வளையலை எடுத்துத் தரையில் வைத்து, நடுவில் ஒரு உளுந்தைப் போட்டான்.

“இந்த வளையல் சுத்தியும் ஒரே மாதிரி மின்னூட்டம் இருக்குன்னு வச்சுக்க. இந்த உளுந்து எந்தப் பக்கம் போவும்?”

“எந்தப் பக்கமாச்சும் போவும்.”

“போவாதுக்கா. இந்தப் பக்கம் இழுக்கிறத அந்தப் பக்கம் இழுக்கிறது கழிச்சுடும். எல்லாப் பக்கமும் இழுக்கிறதால இழுப்பே இல்லாத மாதிரி இருக்கும். நட்ட நடுவுல மட்டும்தான் அப்படி. கொஞ்சம் மேல தூக்கிட்டா போதும், இழுப்பு வந்துடும்.”

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டது. “டேய், பாடத்த உளுந்துல நடத்து. வளையல ஒடச்ச, உன் கையில மின்சாரம் பாயும்.”

அப்பா போன பிறகு அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. பெரம்பலூரில் சொந்தமாக வீடு கட்டியிருந்தான். அவனும் அவன் மனைவியும் அம்மாவைக் குறை இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். இதை யாரிடமும் நான் மறுத்துச் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். இடுப்பு எலும்பு முறிந்து அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்துத் துடைத்து விட்டவன் அவன்தான். நான் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், ஆடு மாடு, காட்டு வேலை, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் என்று இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

போகும்போது பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பு வைத்து எடுத்துப் போவேன். அம்மா அதை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் சொல்லும்: “எம்மவ கை. இந்த வூட்ல இந்த ருசி வருமா?” தம்பி அங்கேயே நிற்பான். அவன் மனைவி பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். அம்மா அப்படித்தான். பக்கத்தில் இருக்கிறவனை விட்டுவிட்டுத் தூரத்தில் இருக்கிறவளைப் பேசும். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. தம்பிக்கு எப்படி இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால், முந்திரி ஓயப் போகிற சமயம். மதியச் சோறு தின்று கை கழுவும்போதே வானம் உறுமிவிட்டது. வழக்கப்படி போன்கள் தூக்குவாளிக்குள் போயின. மழை அடித்து நொறுக்கியது. கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து வெறித்தது. கொட்டை மூட்டைகள் நனைந்துவிடக் கூடாதே என்று நாங்கள் ஓடிப்போய்ச் சாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பெரியக்கா போய்த் தூக்குவாளியை எடுத்துவந்து, அவரவர் போனை அவரவர் கையில் கொடுத்தாள். என்னுடையது பழைய பட்டன் போன். முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகினேன். யாரும் அழைத்ததாக அதில் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது போன் அடித்தது. தம்பி.

“அக்கா, அம்மா போயிடுச்சுக்கா.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவன் சொன்னது மட்டும் இருக்கிறது. “காலையில ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குதேன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மதியத்துக்கு மேலதான் மோசமாச்சு. அப்பலேர்ந்து உனக்கு அடிக்கிறேன், அடிக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வருது. எங்கக்கா போன?”

“தூக்குவாளிக்குள்ள வச்சிருந்தோம் தம்பி. இடி இடிச்சுது. எல்லாரும் உள்ள போட்டு மூடி வச்சுட்டோம்.”

“அப்படியா? எவர்சில்வர் தூக்கா?” என்றான்.

“ஆமா.”

“அதான். அதுக்குள்ள எப்படி வரும்” என்றான்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சாவுச் செய்தி சொல்கிற நேரத்தில், எவர்சில்வரா என்று எவனாவது கேட்பானா? அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

“நீ பெரம்பலூருக்கு வர வேணாம். நேரா ஊருக்கு வந்துடு. அம்மாவ வண்டியில ஏத்தியாச்சு” என்று வைத்துவிட்டான்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். பெற்ற மகள் வந்து இறங்கினால் வட்டம் திறந்து அவளை நடுவில் இழுத்துக்கொண்டு மூடிவிடும். என்னையும் இழுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் ஈரமுகங்கள், வெற்றிலை வாடை, மூச்சுக் காற்று. ஒருத்தி என் அம்மாவின் சமையலைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி அம்மாவின் நடையைச் சொல்லி அழுதாள். நான் மட்டும் நடுவில் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பக்கமும் இழுக்க, எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. அந்த உளுந்து ஞாபகம் வந்தது. அம்மா என்னைத் தேடியிருக்கும், தம்பி போன் அடித்திருக்கிறான், நான் அதை ஒரு வாளிக்குள் போட்டு மூடிவிட்டு மழையை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து என் மாமா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பெத்த பொண்ணு கடைசி மூச்சுக்கு வரல. காட்டுக் கொட்டை பெரிசாப் போச்சு.”

வட்டத்தில் அழுகை நின்றது. தம்பி எழுந்து நின்றான். மாலை போட்ட உடம்போடு, மொட்டையடிக்கும் முன் கலைந்து கிடந்த தலையோடு, வகுப்பில் நிற்பதுபோல் நின்றான்.

“மாமா, அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போன் அடிச்சேன். போகல. அவங்க இடிக்குப் பயந்து போனயெல்லாம் எவர்சில்வர் தூக்குல போட்டு மூடியிருக்காங்க. அது உலோகம். ஒரு கடத்திக்குள்ள மின்புலம் சுழி. வெளிய என்ன நடந்தாலும் உள்ள தெரியாது. நான் பசங்களுக்கு நடத்துற பாடம் மாமா இது. அக்கா மேல தப்பில்ல.”

மாமா தாடையைத் தடவினார். “படிச்சவன் சொல்ற. இருக்கும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக வந்தது பாதி. தம்பிக்காக வந்தது பாதி. என் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்த பாடம், இத்தனை பேர் நடுவில் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதே என்று இருந்தது. அன்று அவன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

அவன் அப்படிச் சொன்னதால் ஊர் என்னை விட்டுவிட்டது. என்னை நான் விடவில்லை. சோறு கொண்டுபோகிற தூக்குவாளியைக் கையில் எடுத்தாலே கீழே வைத்துவிடுவேன். அடுத்த கோடையில் வேலைக்குப் போகவில்லை. மூட்டு வலி என்று வீட்டில் சொன்னேன். தம்பி அடிக்கடி போன் செய்வான். “அதையே நெனைக்காதக்கா. அது இயற்கை. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது” என்பான். அவன் பேசப் பேச மனது கொஞ்சம் ஆறும்.

இந்தக் கோடையில் மறுபடி காட்டுக்குப் போனேன். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். வானம் கறுத்ததும் பெரியக்கா தூக்குவாளியை நீட்ட, அவள் போனைக் கொடுக்க மறுத்தாள்.

“புள்ள அழுதா அத்தை போன் பண்ணும்க்கா. உள்ள போட்டா அடிக்காதே.”

“எவடி சொன்னது? நல்லா அடிக்கும். மழை சத்தத்துல நமக்குக் காது கேக்காது, அவ்ளோதான். எறக்கிப் பாத்தா அழைச்சது தெரியும்ல.”

நான் மூலையில் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது.

பெரியக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏன், இவ அம்மா செத்த அன்னிக்கு எம் மவன் துபாய்லேர்ந்து விடாம அடிச்சிருக்கான். நீங்கல்லாம் சாக்கு பெரட்டிக்கிட்டு இருந்தீங்க. நான் போயி கெளையிலேர்ந்து எறக்கறேன், தூக்குக்குள்ள குலவை போட்டுக்கிட்டு கெடக்கு எம் போனு. மூடியத் தொறக்கிறதுக்குள்ள நின்னு போச்சு. எத்தன தடவ அடிச்சான்னு அதுல வரிசையா காட்டுச்சு.”

“அன்னிக்கா?” என்றேன்.

“அன்னிக்குத்தான். சாயங்காலம் உன் வூட்டுக்கு வந்தப்ப அவன்கிட்ட பேசிக்கிட்டேதானே வந்தேன்.”

எனக்கும் பெரியக்காவுக்கும் ஒரே கம்பெனி சிம். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் குடைபோட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் சேர்ந்து போய் வாங்கியது. ஒரே தூக்குவாளி, ஒரே மழை. துபாயிலிருந்து வந்தது உள்ளே நுழைந்திருக்கிறது. பெரம்பலூரிலிருந்து வந்தது மட்டும் நுழையவில்லையா?

மறுநாள் வீட்டுக்காரர் லாரிக்குப் போகாமல் இருந்தார். அடுப்படியில் எங்கள் தூக்குவாளியைத் துடைத்து, என் போனைப் போட்டு, மூடியை உள்ளங்கையால் அறைந்து மூடினேன். வாசலில் இருந்தவரை என் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன்.

“எங்க வச்ச போன?”

“அடிங்களேன்.”

அடித்தது. பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம், எவர்சில்வர் அதிர்ந்தது. மூடியைக் கழற்றி மறுபடி இறுக்கினேன். மறுபடி அடித்தது. ஒரு துணியை மேலே போட்டுக் கட்டினேன். அப்போதும் அடித்தது.

அவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். “போனுக்குச் சோறு கட்டறியா? எந்த ஊருக்குப் போவுது?”

“பெரம்பலூருக்கு” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கோபத்தோடு போகிறவள் கையில் ஒன்றும் இல்லாமல் போக வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. பழக்கத்தில் பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பு வைத்து, அதே தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனேன். உடையார்பாளையம் போகும்வரை கேள்வியை ஒருவிதமாக வைத்துப் பார்த்தேன். கைகாட்டி நிறுத்தத்தில் வேறுவிதமாக. அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறும்போது எல்லாம் மறந்துபோய், திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவன் அடித்திருப்பான், டவர் கோளாறாக இருக்கும், என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டில் அவன் மட்டும் இருந்தான். மனைவியும் பிள்ளைகளும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“வாக்கா. ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன்ல.”

“எதுக்கு தம்பி. நடந்தே வந்துட்டேன்.”

டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனான். நான் பின்னாலேயே போய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது. முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“அம்மா செத்த அன்னிக்கு நீ எனக்குப் போன் அடிச்சியாடா?”

பாலைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நிற்கவில்லை. “என்னக்கா இது, இப்ப போயி. அப்பவே சொன்னேன்ல. நீதானே தூக்குக்குள்ள இருந்துச்சுன்ன. உலோகத்துக்குள்ள...”

“அடுப்படில வச்சுப் பாத்தேன் தம்பி. அடிக்குது.”

“அது டவரப் பொறுத்து மாறும்க்கா. மழை நேரம் வேற...”

“பெரியக்காவுக்கு அன்னிக்கே அடிச்சிருக்கு. அதே தூக்குல. அதே மழையில.”

கரண்டி நின்றது. பால் பொங்கி வழிந்தது. அவன் அடுப்பை அணைத்துவிட்டு, வழிந்த பாலைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவன் பேசியபோது முதலில் வந்தது பாடம்தான்.

“அசையாம நிக்கிற மின்னூட்டத்துக்குத்தான்க்கா அந்தச் சட்டம். போனுக்கு வர்றது அலை. ஓடிக்கிட்டே இருக்கும். மூடிக்கும் வாளிக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்குல்ல, சுத்தி வட்டமா. எவ்ளோ மெல்லிசா இருந்தாலும் நீளமா இருக்கு. அது போதும், உள்ள பூந்துடும்.”

“இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப நீ அடிக்கல.”

“அடிக்கலக்கா.”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“காலையிலேர்ந்து உன்னையேதான் கேட்டுச்சு. ஊசி போட விடல. தண்ணி கொடுத்தா தள்ளி விட்டுச்சு. எம்மவ எங்க, எம்மவ எங்கன்னு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்க்கா. இத்தன வருஷம் அள்ளிக் கொட்டினது நான். அந்தக் கட்டில்ல என் பேர அது ஒரு தடவ சொல்லல. நர்ஸம்மா என்னப் பாத்து, நீங்க யாரு மருமகனான்னு கேட்டுச்சு. போன கையில எடுத்தேன். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. கொஞ்ச நேரம் கேக்கட்டும், அப்புறம் கூப்புடலாம்னு பையில போட்டுட்டேன். சாவும்னு நெனைக்கலக்கா. சத்தியமா நெனைக்கல.”

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அம்மா அப்படிக் கேட்கக்கூடியதுதான். அவன் நெஞ்சு அப்படி எரியக்கூடியதுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வந்தது. ஒரு பந்தல் வந்தது. இரண்டு வருஷம் வந்தது. அந்தப் பொய்யின் பாதியை என் வாயிலிருந்தே எடுத்து, மீதியை நான் மடியில் வைத்திருந்த புத்தகத்திலிருந்து எடுத்து, ஊர் நடுவில் நின்று எனக்காகப் பேசுவதுபோல் பேசினான். நான் குற்றம் சுமந்து மெலிந்தபோது இயற்கை என்றான். என் மாமா சொன்ன சொல்கூட ஆறிவிட்டது. இவன் காப்பாற்றியதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

“அம்மாகிட்ட என்னன்னு சொன்ன?”

அவன் துணியைப் பிழிந்தான்.

“கேக்கறேன்ல. எம்மவ எங்கன்னு கேட்டதுக்கு என்னடா சொன்ன?”

“போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்.”

“அதோட விட்டுச்சா?”

“விடல. எங்க வர்றா, எங்க வர்றான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உடையார்பாளையம் தாண்டிட்டாளான்னுச்சு. தாண்டிட்டான்னேன். கொஞ்ச நேரம் போயி, கைகாட்டி வந்துட்டாளான்னுச்சு. வந்துட்டான்னேன். அரியலூர்ல பஸ் மாறணுமே, உக்கார எடம் கெடச்சுதான்னு கேளுன்னுச்சு. போன காதுல வச்சு, கெடச்சுதாம்மான்னேன்.”

“அப்புறம்?”

“பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வந்துட்டான்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.”

நான் தூக்குவாளியை மேடையில் வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா என்று தெரியவில்லை. தெருவுக்கு வந்தபோது கை காலியாக இருந்தது. பின்னால் “அக்கா, அக்கா” என்று சத்தம் வந்தது. அவன் சட்டையில்லாமல் இருந்ததால் வாசலோடு நின்றிருப்பான். நான் திரும்பவில்லை.

ஜெயங்கொண்டம் போக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்தேன். அரியலூர் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு கத்தினார். ஏறப் போன கால் நின்றுவிட்டது. அம்மா கணக்குப்படி நான் இந்த இடத்துக்கு வந்துவிட்டேன். உட்கார இடம் கிடைத்து, அரியலூர் தாண்டி, இங்கே இறங்கியும்விட்டேன். மீதி இருந்தது இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை யாரும் நடந்து வரவில்லை.

பூக்கடைக்காரம்மாவிடம் வழி கேட்டேன். நான் தெருவில் யாரிடமும் வழி கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டேன். வெயில் தலைக்குமேல் இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். “ஏறும்மா, கிட்டதான்” என்றார். வேண்டாம் என்று நடந்தேன். இடுப்பில் போன் அடித்தது. நின்றது. அடித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச் சேலை கட்டிய காவல்காரம்மா கையை நீட்டினார். “யாரப் பாக்கணும்?”

“எங்கம்மாவ.”

“எந்த வார்டு?”

எனக்குத் தெரியவில்லை. எந்த வார்டில், எந்தக் கட்டிலில் அம்மா கிடந்தது என்று இரண்டு வருஷத்தில் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்தம்மா என் இடுப்பைக் காட்டினார். “வார்டு தெரியாம வந்தா எப்படிம்மா? போன்தான் அடிச்சுக்கிட்டே இருக்கே. எடுத்துக் கேளு. யாராச்சும் கூட இருக்கிறவங்களாத்தான் இருக்கும்.”

எடுத்தேன். அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. “அக்கா” என்றான். அழுதுகொண்டிருந்தான்.

“அம்மா எந்த வார்டுலடா இருந்துச்சு? எந்தக் கட்டிலு?”

மூக்கை உறிஞ்சினான். பிறகு சொன்னான். நான் போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை அவன் அடிக்கிறான். அடிப்பது நன்றாகவே கேட்கிறது.

அந்தக் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். அவருக்கு மகளோ மருமகளோ ஒருத்தி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கஞ்சி குடிக்கிறவர் என்னைப் பார்த்தார். அந்தக் கட்டிலிலிருந்து வாசல் நேராகத் தெரிகிறது.